ஷன்ட் வைத்த பிள்ளை

"இந்த ஒபரேஷனோட எல்லாம் சரியாப் போகுமா, டொக்டர்?"

மூளையில் நீர் கட்டிய குழந்தையின் பெற்றோர் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் கேட்கும் கேள்வி இது. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் கேட்கிறார்கள், வேலூரிலும் கேட்கிறார்கள். நேர்மையான பதிலில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு உயிரையும் மூளையையும் காப்பாற்ற நம் கையில் இருக்கும் நல்ல வழி இதுதான் என்பது முதற்பகுதி. இன்று வைக்கும் ஷன்ட் என்ற குழாய் என்றோ ஒருநாள் அடைபடக்கூடும், அன்றைக்கு மறுபடி வரவேண்டும் என்பது இரண்டாவது. முதற்பகுதியைக் கேட்டவுடன் தாய்க்கும் தகப்பனுக்கும் வருகிற நிம்மதியில் இரண்டாவது பகுதி காதில் ஏறாமலே போய்விடுவதுண்டு. ஷன்ட் வைத்த பிள்ளைகளில் காப்பாற்றியிருக்கக்கூடிய பலரை நாம் இழப்பது அந்த இரண்டாவது பகுதியில்தான்.

முதலில் அந்த நீர் என்ன என்று பார்ப்போம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் மூளையமுண்ணாண் பாய்பொருள் என்று படித்திருப்பீர்கள். மூளையின் நடுவே ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கு அறைகள் உள்ளன. அவற்றின் சுவரில் தொங்கும் மெல்லிய இரத்தக்குழாய்ப் பின்னல், இரத்தத்திலிருந்து இந்தத் தெளிந்த திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர், நாளுக்கு அரை லீற்றர் வரை. ஆனால் எந்த நேரத்திலும் தலையிலும் முதுகெலும்புக்குள்ளும் சேர்த்து இருப்பது 150 மில்லிலீற்றர் அளவுதான். அப்படியானால் நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை பழைய திரவம் முழுவதும் வெளியேறிப் புதிய திரவம் வரவேண்டும். நான்காவது அறையிலிருந்து வெளிவரும் திரவம் மூளையின் மேற்பரப்பையும் முண்ணாணையும் சுற்றி ஓடி, கடைசியில் தலைக்குள் இருக்கும் பெரிய நாளங்கள் வழியாக இரத்தத்தோடு கலந்துவிடுகிறது. மூளை அதில் மிதப்பதால்தான் நாம் தலையை ஆட்டும்போதெல்லாம் அது எலும்பில் மோதாமல் இருக்கிறது.

பாதையில் மிக ஒடுங்கிய இடம் மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவே உள்ளது. அங்கே இருக்கும் வாய்க்காலின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர். சில குழந்தைகள் அந்த இடம் மூடியபடியே பிறக்கிறார்கள். 32 வாரத்துக்கு முன்னரே பிறந்த குழந்தைகளுக்கு அறைகளின் ஓரத்திலுள்ள மிக நொய்ந்த இரத்தக்குழாய்கள் வெடித்து, உறைந்த இரத்தம் வழியை அடைக்கலாம். மூளைக்காய்ச்சல், அதிலும் காசநோயால் வரும் மூளைக்காய்ச்சல், திரவம் உறிஞ்சப்படும் இடங்களில் தழும்பை விட்டுச் செல்லும். முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளில் கணிசமானோருக்குத் தலையிலும் நீர் கட்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பின்மூளையில் வளரும் கட்டி காரணமாகலாம். காரணம் எதுவானாலும் நடப்பது ஒன்றே: வெளியேறும் வழி அடைபட்டாலும் சுரப்பது நிற்பதில்லை. மணிக்கு மணி வந்துசேரும் திரவம் அறைகளை ஊதவைத்து, மூளைத் திசுவை உள்ளிருந்து மண்டையோட்டை நோக்கி நெரிக்கிறது.

இந்தக் காரணங்களில் சிலவற்றை முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருவில் முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்து 28 நாட்களுக்குள். அப்போது பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. ஆகவே போலிக் அமில மாத்திரையைத் திருமணமானவுடனேயே, கருத்தரிக்க எண்ணும்போதே தொடங்கவேண்டும். இதற்கு முன் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாருக்குக் கூடிய அளவு போலிக் அமிலம் கொடுத்தால், அடுத்த குழந்தைக்கு அதே குறை வருவது நான்கில் மூன்று பங்கு அளவில் குறைகிறது என்று 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று உறுதிப்படுத்தியது. நமது நாட்டில் புதுமணத் தம்பதியருக்கு மருத்துவ மாது இந்த மாத்திரையை இலவசமாகவே தருகிறார். வாங்கி அலுமாரியில் வைத்துவிடுகிற வீடுகளும் உண்டு. தயவுசெய்து விழுங்குங்கள். பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியும், 2008 முதல் நமது அட்டவணையில் இருக்கும் ஹிப் தடுப்பூசியும் மூளைக்காய்ச்சலின் வழியே வரும் நீர்க்கட்டைக் குறைக்கின்றன.

கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. அதனால் அழுத்தம் கூடும்போது தலை பெருக்கிறது. இது குழந்தைக்குக் கொஞ்சம் கால அவகாசம் தருகிறது. நமக்கும் ஓர் எச்சரிக்கை தருகிறது. பிறக்கும்போது தலையின் சுற்றளவு 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 சென்ரிமீற்றர், அடுத்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஒன்று, பிறகு அரை என்று வளர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கு ஒரு வரைபு இருப்பதுபோலத் தலைச்சுற்றுக்கும் ஒரு வரைபு உண்டு. நிறையைக் குறிப்பதில் எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. பிள்ளை பாரம் ஏறவில்லை என்றால் அம்மம்மா முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை கவலைப்படுவார்கள். தலைச்சுற்று வரைபு வெறுமையாகவே கிடக்கிறது. தலை பெரிதாக இருந்தால் "பிள்ளை கெட்டிக்காரன்" என்று சொல்லிவிடவும் ஆட்கள் உண்டு.

ஒரு தடவை அளந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தகப்பனுக்கே பெரிய தலையென்றால் பிள்ளைக்கும் இருக்கும், அதில் நோய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அனுபவமுள்ள வைத்தியர் நாடாவைக் குழந்தையின் தலையிலிருந்து எடுத்துத் தாய் தகப்பனின் தலையிலும் சுற்றிப் பார்க்கிறார். முக்கியமானது கோட்டின் போக்கு. கடந்த மாதம் ஒரு கோட்டில் இருந்த பிள்ளை இந்த மாதம் அதற்கு மேலுள்ள கோட்டைக் கடந்துவிட்டதா என்பதே கேள்வி. அதோடு உச்சிக்குழி அழாத நேரத்திலும் புடைத்திருப்பது, நெற்றியில் நாளங்கள் தெளிவாகத் தெரிவது, கண்மணிகள் கீழே சரிந்து மேலே வெள்ளை தெரிவது, பால் குடித்ததெல்லாம் சத்தி எடுப்பது ஆகியவை சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. உச்சிக்குழி திறந்திருக்கும் வரை அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து அறைகளின் அளவைப் பார்த்துவிடலாம். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில் வைத்தியம் மிக நீண்ட காலம் தோற்றுக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் வோல்ட்டர் டான்டி 1918இல் திரவத்தைச் சுரக்கும் பின்னலையே வெட்டி எடுக்கத் துணிந்தார். பிழைத்த குழந்தைகள் குறைவு. 1940களின் இறுதியில் பொஸ்டனில் டொனால்ட் மட்சன் திரவத்தைச் சிறுநீர்க்குழாய்க்குள் திருப்பிவிட்டார். அதற்காக நல்ல நிலையில் இருந்த ஒரு சிறுநீரகத்தை அகற்ற வேண்டியிருந்தது. சிறுநீரோடு சேர்ந்து உடம்பின் உப்பும் போய்க்கொண்டிருந்ததால், ஒரு சாதாரண வயிற்றோட்டமே அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தானது. இரத்தத்துக்குள் திரவத்தை விடலாம் என்றால் இரத்தம் திரும்பி ஏறிக் குழாயில் உறைந்தது. ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு தேவைப்பட்டது. பிலடெல்பியாவில் பிராங்க் நல்சனும் யூஜின் ஸ்பிட்சும் 1949இல் அப்படியொன்றை முதன்முதலாக வைத்தார்கள். வழி சரியானது. ஆனால் அதை நம்பி விட முடியவில்லை.

அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1955 நவம்பரில், கேசி ஹோல்ட்டர் என்ற ஆண் குழந்தை முதுகெலும்பு மூடாமல் பிறந்தது. தலையிலும் நீர் கட்டியது. ஸ்பிட்ஸ் சிகிச்சை செய்தார். கேசியின் தகப்பன் ஜோன் ஹோல்ட்டர் வைத்தியர் இல்லை. பூட்டுச் செய்யும் கம்பனி ஒன்றில் வேலைபார்த்த தொழில்நுட்பவியலாளர். மகனுக்கு வைத்த வால்வில் எங்கே பிழை என்று ஸ்பிட்சிடம் கேட்டார். பதிலைக் கேட்டபோது அவருக்கு இது வைத்தியப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. இழுபடக்கூடிய குழாயில் ஒரு சிறு கீறல் இட்டால், உள்ளே அழுத்தம் ஏறும்போது அது திறக்கும், அழுத்தம் இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். வீட்டிலேயே செய்து பார்த்தார். இறப்பர் உடம்புக்குள் தாங்கவில்லை. பொருளைத் தேடி அலைந்து கடைசியில் சிலிக்கோனுக்கு வந்து சேர்ந்தார். உடம்பு வெறுக்காத, கொதிநீராவியில் கெடாத பொருள். 1956 மார்ச்சில் அவருடைய வால்வு முதலில் வேறொரு பிள்ளைக்கு வைக்கப்பட்டது. கேசி ஐந்து வயதில் இறந்துவிட்டான். அவனுடைய தகப்பன் செய்த வால்வு அதற்குள் வேறு பல பிள்ளைகளின் தலையில் வேலை செய்துகொண்டிருந்தது. இன்று உலகெங்கும் வைக்கப்படும் ஷன்ட்கள் சிலிக்கோனால் ஆனவை என்பதன் தொடக்கம் அந்தத் தகப்பன்தான்.

அதே 1956இல்தான் கொழும்பு பெரியாஸ்பத்திரியில் டொக்டர் ஷெல்டன் கப்ரால் இலங்கையின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கிய பிரிவுக்கு அப்போது ஏழு வயது. சி.டி. ஸ்கேன் வருவதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தே நீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய காலம்.

இன்னொரு தகப்பன் எழுத்தாளர் ரோல்ட் டால். 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' எழுதியவர் என்றால் நமது பிள்ளைகளுக்கும் தெரியும். 1960 டிசம்பரில் நியூயோர்க் வீதியைக் கடக்கும்போது அவருடைய நான்கு மாத மகன் தியோவின் தள்ளுவண்டியில் டாக்ஸி மோதியது. அடிபட்ட தலையில் நீர் கட்டியது. ஹோல்ட்டர் வால்வு வைத்தார்கள். இரத்தக் கசிவின் எச்சங்கள் கீறலில் சிக்கி அது திரும்பத் திரும்ப அடைபட்டது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குப் பார்வை மங்கியது, காய்ச்சல் வந்தது, மறுபடி மேசைக்குப் போகவேண்டி வந்தது. குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் டில்லையும், விளையாட்டு விமானங்களுக்குச் சின்னஞ்சிறு எரிபொருள் பம்பிகள் செய்த ஸ்டான்லி வேட் என்பவரையும் டால் ஒன்றுசேர்த்தார். 1962இல் வேட்–டால்–டில் வால்வு தயாரானது. அதற்குள் தியோவுக்கு அது தேவைப்படவில்லை. அவன் தேறிவிட்டான். மூவரும் ஒரு சதமும் இலாபம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இன்னும் நல்ல வால்வுகள் வரும்வரை உலகெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது வைக்கப்பட்டது.

இந்த இரண்டு கதைகளையும் வைத்தியத்தின் வெற்றிக் கதைகளாகச் சொல்வது வழக்கம். எனக்கு அவற்றில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஹோல்ட்டரும் டாலும் வால்வைக் கண்டுபிடிப்பதற்கு முன் தத்தம் பிள்ளையின் தலைமாட்டில் இருந்து, குழாய் அடைபடும்போது பிள்ளை எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்தவர்கள். குழாய் அடைபடும் என்பதை நம்ப மறுக்காத பெற்றோர்.

இப்போது நடக்கும் சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடக் குறைய எடுக்கும். பூரண மயக்கம். காதுக்குப் பின்னாலோ உச்சிக்கு முன்னாலோ ஒரு சிறு வெட்டு, எலும்பில் ஒரு துளை. அதன் வழியே மெல்லிய சிலிக்கோன் குழாயின் நுனி மூளையின் அறைக்குள் போகிறது. மறுமுனை தோலுக்கடியில் இருக்கும் வால்வோடு இணைகிறது. அங்கிருந்து கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்குக் கீழேயே நீண்ட குழாயை ஓட்டிச் சென்று வயிற்றறைக்குள் விடுகிறார்கள். குடல்களைச் சுற்றியுள்ள சவ்வு, வரும் திரவத்தை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடும். முன்பெல்லாம் நாளம் வழியாக இதயத்துக்கே குழாயைக் கொண்டுபோனார்கள். பிள்ளை உயரும்போது நுனி இதயத்திலிருந்து நழுவிவிடும், கிருமி தொற்றினால் நேரே இரத்தத்தில் பரவும். வயிறு பாதுகாப்பானது. அதோடு, வயிற்றுக்குள் மேலதிகமாகக் குழாயைச் சுருட்டி விடலாம். பிள்ளை வளர வளர அந்தச் சுருள் நீளும். காதுக்குப் பின்னால் கை வைத்தால் சின்னப் புடைப்பாக வால்வு தட்டுப்படும். ஒல்லியான பிள்ளைகளுக்குக் கழுத்தில் குழாய் ஓடுவதும் தெரியும். தாய்மார் பலர் முதல் சில வாரங்கள் அந்தப் பக்கமாகப் பிள்ளையைத் தூக்கவே பயப்படுவார்கள். காயம் ஆறிய பின் பயப்படத் தேவையில்லை.

இனி, ஷன்ட் ஏன் வேலை செய்யாமல் நிற்கிறது? மூளை அறைக்குள் இருக்கும் நுனியைச் சுரப்புப் பின்னலே சுற்றிப் பிடித்து அடைப்பது மிகச் சாதாரணம். புரதம், இரத்த எச்சம் வால்வில் படியலாம். வளரும் பிள்ளையின் கழுத்தில் குழாய் முறியலாம், இணைப்புக் கழரலாம். திரவம் தேவைக்கு அதிகமாக வடிவதும் உண்டு. பிள்ளை எழுந்து நின்றதும், தலையிலிருந்து வயிற்றுவரை தொங்கும் நீண்ட குழாய், பெற்றோல் தாங்கிக்குள் விட்ட குழாயின் கீழ்முனையைத் தாழ்த்தினால் பெற்றோல் தானாக இழுபட்டு வருமே, அப்படித் திரவத்தை உறிஞ்சத் தொடங்கும். மூளை சுருங்கி மேலே இரத்தம் கசியலாம். இதைத் தடுக்கும் அமைப்புகள் இன்றைய வால்வுகளில் இருக்கின்றன. தோலுக்கு மேல் ஒரு காந்தத்தை வைத்தே அழுத்த அளவை மாற்றக்கூடிய வால்வுகளும் உண்டு. வலிமையான காந்தமுள்ள பொருட்களை அப்படிப்பட்ட பிள்ளையின் தலைக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு வால்வின் அளவு மாறியிருக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

எவ்வளவு சதவீதம் ஷன்ட்கள் இப்படிப் பழுதாகின்றன? 1998இல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 344 பிள்ளைகளில் மூன்று வகை வால்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிய வடிவங்கள் பழையதை வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். மூன்றும் ஒரே மாதிரிதான் நின்றன. முதல் ஆண்டுக்குள் பத்தில் நான்கு, இரண்டு ஆண்டுக்குள் பாதிக்கு மேல். நல்ல வசதியுள்ள வைத்தியசாலைகள், தேர்ந்த கைகள், அப்படியிருந்தும் இந்த எண்கள். ஆகவே குழாய் அடைபட்டால் யாரோ பிழை செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டியது பிழையா, ஓடவிட்டது பிழையா என்று தாய் தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொள்ளவும் தேவையில்லை.

கிருமித்தொற்று இன்னொரு தொல்லை. நமது தோலிலேயே சாதுவாக வாழும் பற்றீரியா, சத்திரசிகிச்சையின்போது குழாயில் ஒட்டிக்கொண்டு மெல்ல வளர்கிறது. பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் தெரிந்துவிடும். அப்போது குழாயைக் கழற்றி, மருந்து கொடுத்து, புதிதாக வைக்க வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 1,600 நோயாளர்களில் நடத்தி 2019இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் குழாய் வைத்தவர்களில் 6 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. அன்டிபயோட்டிக் ஊறிய குழாய் வைத்தவர்களில் 2 சதவீதம்தான். வெள்ளி பூசிய குழாயால் பயனில்லை. அங்கும் 6 சதவீதமே.

விலையைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் விலை கூடிய ஷன்ட் வாங்க முடியவில்லையே என்று வருந்தும் பெற்றோர் இருக்கிறார்கள், அதற்காகக் கடன்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட், அமெரிக்கக் கம்பனியின் ஷன்டோடு உகண்டாவில் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டது. ஒன்று 35 டொலர், மற்றது 650 டொலர். பெஞ்சமின் வோர்ஃப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 195 பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2005இல் முடிவை வெளியிட்டார். தொற்றிலும் அடைப்பிலும் உயிரிழப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. விலையில் கிட்டத்தட்டப் பத்தொன்பது மடங்கு இடைவெளி, பலனில் இடைவெளி இல்லை. நமது அரச வைத்தியசாலையில் பணம் வாங்காமல் வைக்கும் ஷன்டை இரண்டாந்தரமாக நினைக்கும் எவரும் இந்த எண்களை ஒருமுறை பார்க்கவேண்டும்.

உகண்டாவின் ம்பாலே நகரத்தில் வேலை செய்த அதே வோர்ஃபை வாட்டிய கேள்வி வேறு. ஷன்ட் வைத்து அனுப்பிய பிள்ளைக்குக் குழாய் அடைபட்டால், நாள்கணக்கில் பயணம் செய்து வரவேண்டிய தாய் நேரத்துக்கு வந்து சேர்வாளா? ஆகவே ஷன்ட் இல்லாமலே சிகிச்சை செய்ய வழி தேடினார். எண்டொஸ்கோப் என்ற மெல்லிய கமராக் கருவியால் மூன்றாவது அறையின் தளத்தில் ஒரு துளை போட்டால், அடைபட்ட வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு திரவம் தானே வெளியே ஓடும். முதன்முதலில் 1923இல் பொஸ்டனில் செய்து பார்த்த பழைய யோசனை இது. அதோடு சுரக்கும் பின்னலையும் சுட்டுக் குறைத்தார் வோர்ஃப். 2017இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வெளியான ஆய்வு, ஆறு மாதத்துக்குட்பட்ட 100 உகண்டாக் குழந்தைகளில் இந்த முறையையும் ஷன்டையும் ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில் அறிவு வளர்ச்சியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. வாய்க்கால் மட்டும் அடைபட்ட, ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நன்றாகப் பலிக்கும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கும் உறிஞ்சும் இடங்களே கெட்டவர்களுக்கும் பலிப்பது குறைவு. உங்கள் பிள்ளைக்கு இது செய்யலாமா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் போட்ட துளையும் சில வேளை மூடிக்கொள்ளும். ஆகவே அந்தப் பிள்ளைக்கும் அதே விழிப்பு வேண்டும்.

நுகேகொடையில் இருக்கும் குடும்பத்துக்குப் பொரளை சில கிலோமீற்றர் தூரம். பகலில் 176 பஸ்ஸிலேயே போய்விடலாம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அப்படித்தான். மாங்குளத்தில் இருக்கும் பிள்ளைக்கும், பதுளைத் தோட்டமொன்றின் லயத்தில் இருக்கும் பிள்ளைக்கும் வோர்ஃபின் கேள்வி அப்படியே பொருந்தும். எந்த நேரமும் 1990ஐ அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்திருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் எப்போது அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கைக்குழந்தையில் அடையாளங்கள் முன்பு சொன்னவையே: உச்சிக்குழி புடைப்பது, தலை மறுபடி வேகமாக வளர்வது, கண் கீழே சரிவது, பால் குடிக்க மறுப்பது. பேசத் தெரிந்த பிள்ளை தலையிடிக்கிறது என்று சொல்லும், காலையில் எழும்பும்போது கூடுதலாக. சத்தி எடுக்கும். வயிற்றோட்டம் இல்லாமல் சத்தி மட்டும் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழும். இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லலாம். நடை தள்ளாடலாம். சில பிள்ளைகளுக்கு இவ்வளவு வெளிப்படையாக இராது. எழுத்து கோணலாகும், வகுப்பில் கவனம் குறையும், காரணமில்லாமல் எரிந்து விழும். குழாய் ஓடும் வழியில் வீக்கமோ சிவப்போ, காய்ச்சலோ, வயிற்றுவலியோ இருந்தால் தொற்றை நினைக்க வேண்டும். டெங்குக் காலத்தில் காய்ச்சலும் தலையிடியும் சத்தியும் சேர்ந்து வந்தால் எல்லோருடைய எண்ணமும் ஒரே பக்கம்தான் போகும். அப்போதும் "இது ஷன்ட் வைத்த பிள்ளை" என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். செமியாக்குணம் என்று கசாயம் வைத்துக் கொடுத்து, நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டு, விடிந்ததும் பார்ப்போம் என்று படுக்கவைப்பது அன்பினால் செய்வதுதான். அந்த அன்பை வைத்தியசாலை வாசலில் காட்டுங்கள். முழுதாக அடைபட்ட ஷன்ட் சில மணித்தியாலங்களுக்குள் பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். அதே பிள்ளை அன்றிரவே சத்திரசிகிச்சைக்குப் போனால் மறுநாள் எழுந்து பாண் கேட்கும். இவ்வளவு கெட்ட நிலையிலிருந்து இவ்வளவு விரைவாகத் திருப்பிக் கொண்டுவரக்கூடிய மூளை நோய்கள் மிகச் சிலவே.

வைத்தியசாலைக்கு வந்த பிறகும் ஒன்று நினைவிருக்கட்டும். ஸ்கேனில் அறைகள் பெருக்காமலே ஷன்ட் அடைபடும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் நல்ல வைத்தியர்கள் தாயிடம் கேட்பார்கள்: "போன முறை அடைபட்டபோதும் இப்படித்தான் இருந்தானா?" ஆம் என்று தாய் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். நமது தமிழ்த் தாய்மார் பலர் கொழும்பு வாட்டுகளில் சிங்களத்தில் தடுமாறி, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். மொழி வரவில்லையென்றால் மொழிபெயர்க்க ஒருவரைக் கேளுங்கள். பக்கத்துக் கட்டில் தாயையாவது கேளுங்கள். "வழமைபோல இல்லை" என்ற ஒரு வசனம் வைத்தியர் காதுக்குப் போய்ச் சேரவேண்டும்.

மற்றபடி இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும், ஓடவேண்டும், நீந்தலாம், விமானத்தில் பறக்கலாம், எல்லாத் தடுப்பூசியும் போடலாம். குத்துச்சண்டை, ரக்பி போன்று தலையில் அடிபடும் விளையாட்டுகளுக்கு முன் நிபுணரிடம் கேட்பது நல்லது. ஷன்ட் வைப்பதற்கு முன் மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தது, எதனால் நீர் கட்டியது என்பதைப் பொறுத்துத்தான் படிப்பும் நடையும் அமையும். ஏற்கெனவே கெட்டதை ஷன்ட் திருப்பித் தராது. ஆனால் சரியான நேரத்தில் வைத்து, ஒவ்வொரு அடைப்பையும் சுணங்காமல் சரிசெய்த பிள்ளைகளில் பலர் சாதாரண வகுப்பில் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். பெண் பிள்ளையென்றால் பிற்காலக் கல்யாணப் பேச்சை நினைத்துப் பள்ளிக்கூடத்தில் மறைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. பாடவேளையில் பிள்ளை மேசையில் தலைவைத்துப் படுத்தால் அதைச் சோம்பலென்று எண்ணாமல் இருக்க ஆசிரியர் ஒருவராவது தேவை.

சிறுவர் வைத்தியசாலையின் வயதைத் தாண்டும் காலத்தில் புதிய ஆபத்து ஒன்று வருகிறது. பதினான்கு பதினைந்து வயதுவரை ஒரே கிளினிக்கில் எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருந்த பிள்ளை, ஒருநாள் பெரியவர்களின் வைத்தியசாலையில் புதிய ஆளாக நிற்கும். பல ஆண்டுகள் ஒரு தொல்லையும் தராத ஷன்ட் இனி வேலை செய்யத் தேவையில்லை போலும் என்று கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிடுவார்கள். பத்தாண்டு கழித்தும் அது அடைபடலாம். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டைப் படம் பிடித்துத் தாய், தகப்பன், மாமா என்று இரண்டு மூன்று பேரின் கைப்பேசியில் வைத்திருங்கள். ஷன்ட் வைத்த திகதி, வால்வின் பெயர், அதன் அழுத்த வகை, எந்தப் பக்கம் வைத்தார்கள், குழாய் எங்கே முடிகிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்புமுன் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். பிள்ளை நலமாக இருக்கும்போது எடுத்த ஸ்கேன் ஒன்றும் கூட இருக்கட்டும். நள்ளிரவில் அநுராதபுரத்திலோ மட்டக்களப்பிலோ பிள்ளையை முதன்முறையாகப் பார்க்கும் இளம் வைத்தியருக்கு, இன்றைய ஸ்கேனை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.